ஜாதித் தேக்கு

நாற்காலிகளுக்குக் காலோடு வாயும் இருந்த காலத்தில், ஒரு ஊரில் சவரியப்பன் என்று ஒரு பெயிண்டர் இருந்தாராம். பழைய டைனிங் நாற்காலிகளை வாங்கி, பெயிண்ட் அடித்து, புது மெத்தை தைத்து விற்பது அவர் தொழில்.

ஒருநாள் இரண்டு நாற்காலிகள் வந்து சேர்ந்தன. ஒன்று பளபளவென்ற பழுப்பு வார்னிஷ் போட்டது. மற்றது பெயிண்ட் உதிர்ந்து வெளுத்துப் போனது.

"தள்ளி நில்லு. நான் ஜாதித் தேக்கு," என்றது பழுப்பு.

"நம்ம ரெண்டு பேருக்கும் முதுகு ஒரே மாதிரி வளைஞ்சிருக்கே, அண்ணே?"

"யாருக்கு யாரு அண்ணன்? முதுகு வளைஞ்சா உறவாயிடுமா?"

சவரியப்பன் பழுப்பின் கிழிந்த மெத்தையைப் பிடுங்கிவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தார். வார்னிஷ் போனது. அடியில் நீலப் பெயிண்ட் வந்தது. நீலமும் போனதும், வெளிறிய மாமரம் பல்லை இளித்தது. எத்தனையோ விருந்தில் தேக்கென்று பேர் வாங்கிய நாற்காலிக்கு மூச்சே நின்றுவிட்டது.

ஈரத்துணியால் துடைக்க இரண்டையும் கவிழ்த்த சவரியப்பன் சிரித்தார். "அட, இதுல மூணுன்னு செதுக்கியிருக்கு, அதுல நாலு! ஒரே ஆசாரி செஞ்ச செட்டு!"

"அப்போ அண்ணனேதான்!" என்றது மற்றது.

"கத்தாதே! அந்த டப்பாவுல இருக்கிற பச்சைப் பெயிண்டைச் சீக்கிரம் அடிக்கச் சொல்லு. யாராவது பாத்துடப் போறாங்க!"

சவரியப்பனோ, "நல்லா காயட்டும், நாளைக்கு அடிக்கலாம்" என்று இரண்டையும் தெருவோரம் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.