ஹில்க்காவின் மூன்றாவது ஸ்டட்

இறுதிச் சுற்றுக்கு முந்தைய காப்பி இடைவேளையில்தான் ஹில்க்காவின் காரில் அந்த ஸ்டட் முறிந்தது.

புகைக்குழாயை எஞ்சினோடு சேர்த்துப் பிடிக்கும், தலையில்லாத மரையாணிதான் ஸ்டட். வரிசையில் மூன்றாவது. பிடித்து இழுக்க நுனிகூட மிச்சம் வைக்காமல் ஒடிந்து, உள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

எங்கள் செய்னாயோகி ஊர்ப் பக்கம் பனியை உருக்கக் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புதான். துரு பிடிக்காத போல்ட்டை நான் கடையில்தான் பார்த்திருக்கிறேன்.

ஹில்க்கா கையுறையைக் கழற்றி எறிந்தாள். இறுதிச் சுற்றில் அவளோடு மோதப்போகிறவன் நான். அவள் ஓடாவிட்டால் கோப்பை எனக்கு. ஆனாலும் வெல்டிங் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்தான் ஓடினேன்.

"யோவ் ரைமோ, உனக்கென்ன மரை கழண்டு போச்சா? நான் ஓடலன்னா உனக்குத்தானய்யா நல்லது?"

"நீ இல்லாம ஜெயிச்சா ஊர்ல ஒரு பய மதிப்பானா? தள்ளு அந்தப் பக்கம்."

வேலிக்கு அப்பால் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்த கூட்டம் கைதட்டியது. ரைமோ மாதிரி ஒரு மனுஷன் உண்டா என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. விழட்டும் என்று இருந்தேன்.

எங்கள் பந்தயத்தில் ஓடுவது எல்லாம் கழித்துக்கட்டிய கார்கள். அன்றைக்குச் சக ஓட்டுநர் யார் நடுவரிடம் கேட்டுவைத்தாலும், பந்தயம் முடிந்ததும் காரைக் கொடுத்தாக வேண்டும். எல்லாக் காருக்கும் ஒரே விலை. மாட்டேன் என்று முறைப்பவன் அப்புறம் களத்துப் பக்கமே தலைகாட்ட முடியாது. அதனால் யாரும் எஞ்சினில் காசைக் கொட்டுவதில்லை. இருப்பதை வைத்து மாயம் பண்ணுவோம்.

ஹில்க்கா பண்ணியிருந்த மாயம் பெரியது. அவளுடையதும் என்னுடையதும் ஒரே ஜாதி எஞ்சின்தான். ஆனால் வளைவிலிருந்து அவள் கார் பாய்கிற பாய்ச்சலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒடிந்த ஸ்டட்டின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளை வழியாகப் பற்றவைத்தேன். ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினேன்.

நட்டு மட்டும் வந்தது.

இன்னொரு நட்டு. இந்த முறை அவசரப்படாமல், நட்டு பழமாகச் சிவக்கும்வரை பற்றவைத்தேன். சிவப்பு அடங்கியதும் மெழுகுவர்த்தியை விளிம்பில் தொட்டேன். மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது.

கழற்றுகிற பக்கம் ஓர் இழுப்பு. அசையவில்லை. இறுக்குகிற பக்கம் ஓர் இழுப்பு.

கிரீச்.

உலகத்தில் இதைவிட நல்ல சத்தம் கிடையாது. "வருதுய்யா, வருது!" என்று ஹில்க்கா என் முதுகில் ஒரு அறை வைத்தாள். முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று ஆட்டி ஆட்டி, துருப்பொடி உதிர உதிர, முழு ஸ்டட்டையும் வெளியே எடுத்தேன். எடுத்ததைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். வேலிப் பக்கம் விசில் பறந்தது.

மாற்று ஸ்டட் யாரிடமும் இல்லை.

நான் யோசிக்கவே இல்லை. என் காரின் மூடியைத் திறந்து, அங்கிருந்த ஸ்டட் ஒன்றில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கித் திருப்பினேன். வருஷாவருஷம் எல்லாவற்றையும் கழற்றி கிரீஸ் தடவி மாட்டுகிறவன் நான். ஒரு சுற்றுக்குத்தான் ஸ்பேனர் தேவைப்பட்டது. மிச்சம் விரலிலேயே கழன்று வந்தது.

ஹில்க்கா வாயைத் திறந்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காப்பி வாங்கி வருகிறேன் என்று போனாள். கடை பக்கத்திலேயேதான் இருந்தது. காப்பி என்னவோ ஆறிப்போய்த்தான் வந்தது. ஸ்டட்டை அவள் காரில் மாட்டி முடித்த சந்தோஷத்தில் நான் அதையும் ஒரே மடக்கில் குடித்தேன்.

இறுதிச் சுற்றில் ஒரு ஸ்டட் குறைந்த என் கார் உஸ் உஸ் என்று புகை கக்கியது. ஹில்க்கா என்னைத் தாண்டிப் போனாள். கடைசி வளைவில் அவள் எஞ்சின் பாடிய பாட்டைக் கேட்டு நான் தலைக்கவசத்துக்குள் கத்தினேன். தோற்ற ஒருவன் அவ்வளவு ஆனந்தமாக இறங்கி வந்ததை அந்தக் களம் பார்த்திருக்காது.

கோப்பையைக் கொடுத்துவிட்டு நடுவர் வெய்னோ, யார் யார் எந்தக் காரைக் கேட்டிருக்கிறார்கள் என்று அறிவித்தார்.

"ஹில்க்காவின் கார். கேட்டவர் ரைமோ."

சாசேஜ் கூட்டத்தில் இந்த முறை ஒருத்தரும் கைதட்டவில்லை. காலையில் களத்துக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, வெய்னோவிடம் போய் அந்தக் காரைக் கேட்டுவைத்ததுதான். காலையிலிருந்தே அது என் கார்தானே, ஸ்டட் ஒடிந்தபடி அதை வீட்டுக்கு ஓட்டிப் போவேனா?

ஹில்க்கா கோபப்படவில்லை. சாவியை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். நீட்டிய கையை மட்டும் அவள் மடக்கவே இல்லை.

"ரைமோவின் கார்," என்றார் வெய்னோ. "கேட்டவர் ஹில்க்கா. காப்பி இடைவேளையில்."

"விரல்லயே கழண்டு வந்துச்சேய்யா, எப்படி விடுவேன்?" என்றாள் ஹில்க்கா. "ஒண்ணு கொறையுது பாரு. அதை மாட்டிக் குடுத்துட்டுக் கிளம்பு."