ஈரம் காயாத மரவாத்து

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாப் படகுத்துறையில் மரவாத்து வெயில் காய்கிறது. பறக்கும் வாத்துகளை ஏய்த்துக் கீழே இறக்க, வேட்டைக்காரர் எல்வுட்டின் அப்பா செதுக்கியது. பழைய மரவாத்துகள் சேர்க்கும் லொரேனா இருநூறு மைல் காரோட்டி வந்து அதைத் தொடுகிறாள். கட்டைவிரலில் பச்சை ஒட்டுகிறது. “நீங்க வர்றீங்கன்னுதான் பழசச் சுரண்டிட்டு புது பெயிண்ட் அடிச்சேன். கல்யாணப் பொண்ணு மாதிரி இல்ல?” என்கிறார் எல்வுட். அவர் காதோரத்திலும் அதே பச்சை. “அடப்பாவி மனுஷா! உங்கப்பா பூசின அந்தப் பழசுக்குத்தானே ஓடி வந்தேன்!” எல்வுட் வாத்தைத் தலைகீழாகத் தண்ணீரில் வீசுகிறார். அடியில் பதித்த ஈயம் அதைப் புரட்டி நிமிர்த்துகிறது. அலை அடங்குகிறது. வானத்தில் போய்க்கொண்டிருந்த இரண்டு வாத்துகள் வட்டமடித்துத் தாழ்ந்து, அதன் பக்கத்திலேயே சறுக்கி இறங்குகின்றன. “அசையாதீங்க” என்று கிசுகிசுக்கிறார் எல்வுட். லொரேனா பச்சை விரலைத் தூக்கியபடியே நிற்கிறாள்.