அசையாத கடல்நாய்

"அந்தக் கடைசிப் பாறை கிட்ட ஒண்ணு கிடக்கே, ரொம்ப நேரமா அசையவே இல்லடா," என்றாள் தோரா, தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமல்.

"தூங்குதுக்கா. நீ இறங்கித் தொலைக்காதே," என்றான் தம்பி எர்லண்ட். "ஆளைப் பார்த்தா தாய்ங்க மிரண்டு ஓடும், குட்டிங்க நசுங்கிடும். தூரத்துலேர்ந்து எண்றதுதான் நம்ம வேலை."

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் ஒன்றின் கரையில் அலை ஏறிக்கொண்டிருந்தது. மற்ற கடல்நாய்கள் எல்லாம் உடம்பை இழுத்துக்கொண்டு மேலே நகர்ந்தன. அது மட்டும் கறுப்பாக, பளபளவென்று அப்படியே கிடந்தது. அதன் பாதி உடம்பு நனைந்துவிட்டது.

"தண்ணி ஏறுதுடா. தலையைக்கூடத் தூக்கல."

"நீ போய் அதுக்கு நீச்சல் கத்துக்கொடுக்கப் போறியா?"

தோரா வாக்கிடாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினாள். அவளைப் பார்த்ததும் மொத்தக் கூட்டமும் கடலில் பாய்ந்தது. அது மட்டும் பாயவில்லை. முழங்கால் தண்ணீரில் ஓடிப்போய் அதைப் புரட்டினாள்.

"எல்லாத்தையும் விரட்டியாச்சு, சந்தோஷமா?" வாக்கிடாக்கியில் கத்தினான் எர்லண்ட். "அதுக்கு உயிராவது இருக்கா?"

"இருக்குடா. ஹெலிகாப்டரை வரச் சொல்லு, சீக்கிரம்!"

"கடல்நாய்க்கு ஹெலிகாப்டரா?"

"ரப்பர் சூட்டு போட்ட மனுஷன்டா இது! என் விரலைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறான்."