அழுத்தித் துடை

இடுப்பில் செருகியிருந்த பிளேடை அவள் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஹால் சுவரில் வரிசையாக அவள் வரைந்த படங்கள், பதினாலு. ஒவ்வொன்றின் கீழும் அட்டையில் மேனேஜரின் பெயர்.

பத்து வருஷமாக அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறவள் அவள். அடித்தளத்து மோட்டார் ரூமில், யாரோ வீசிய பிளைவுட் பலகைகளில், வெள்ளையடித்தவர்கள் விட்டுப்போன பெயின்டை வைத்தே வரைந்து தள்ளியிருந்தாள். ஒருநாள் போய்ப் பார்த்தால் பதிமூன்று பலகைகளும் இல்லை.

"குப்பைதானே, அள்ளிப் போட்டுட்டேன்" என்றார் மேனேஜர். அடுத்த மாதம் அந்தக் குப்பை பேப்பரில் வந்தது, அவர் போட்டோவோடு.

கேட்கப் போனாள். "நீ வரைஞ்சேன்னு சொன்னா எவன் நம்புவான்? போய் மாப்பைப் பிடி."

போய்ப் பதினாலாவதை வரைந்தாள். பசைகூடச் சேர்க்காமல் கலர்ப்பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசினாள். ஒரே வாரத்தில் அதுவும் காணாமல் போனது.

இன்று அதன் முன்னால்தான் கூட்டம். ஓர் ஆறு, அதன்மேல் நீலப் பறவைகள். வாங்க வந்திருந்த அம்மாள் குனிந்து பார்த்தார். "ஓரத்துல என்னங்க, கறை மாதிரி?"

மேனேஜர் விரலைச் சொடுக்கினார். "ஏய், இங்க வா. இதைத் துடை."

அவள் பிளேடை உருவினாள். தரையில் ஒட்டியிருந்த சூயிங்கத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, நிதானமாக நிமிர்ந்தாள்.

"ஈரத்துணியாலயா சார்?"

"பின்ன, பன்னீர்லயா?" கூட்டம் சிரித்தது.

"இல்ல சார், படத்துக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா..."

"நான் போட்ட படம் எனக்குத் தெரியாதா? அழுத்தித் துடை!"

அழுத்தித் துடைத்தாள். பறவைகள் துணியோடு வந்தன. ஆறு கரைந்து தரையில் சொட்டியது.

அடியில் எனாமல் பெயின்டில், தண்ணீருக்கு அசையாமல், மோட்டார் ரூம் கதவு. கக்கத்தில் இடுக்கிய பலகையோடு, திருட்டு முழி முழித்தபடி வெளியே வருகிற மேனேஜர். மூக்கு மேலிருக்கும் மருகூடத் தப்பவில்லை.

அம்மாள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் துணியைப் பக்கெட்டில் முக்கிப் பிழிந்தாள்.

"என் கையெழுத்து இன்னும் கொஞ்சம் கீழ இருக்கு சார். அதையும் துடைச்சுக் காட்டவா?"