இங்கிலீஷ் தெரியாதவர் தேவை

ஏழாவது முறையாகக் கோப்பையை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்தேன். 'வேர் இஸ் தி கப்?' என்று கேட்க நான் வாயைத் திறப்பதற்குள், எதிரே உட்கார்ந்திருந்த என் கணவர், "அண்டர் தி டேபிள்" என்று சொல்லிவிட்டார்.

செல்போனில் ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தினேன்.

"என்னங்க, நான் இன்னும் கேக்கவே இல்லையே?"

"அடுத்து நீ அதைத்தானே கேப்ப?"

வாஸ்தவம்தான்.

நான் வேலைக்கு மனுப் போட்டிருந்த வெளிநாட்டுப் பள்ளிக்கூடம் கேட்டிருந்தது ஒரே ஒரு வீடியோ. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூடப் பேசத் தெரியாத ஒருவருக்கு, வேறு எந்த மொழியும் கலக்காமல், பதினைந்து நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். இன்று மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

நான் பத்து வருடமாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில், வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுகிறவள். சாயங்கால வகுப்புக்குப் போய் ஆசிரியர் சான்றிதழ் வாங்கினேனே தவிர, ஒரு ஈ காக்காய்க்குக்கூடப் பாடம் எடுத்ததில்லை. பயணப் பெட்டி மட்டும் போன மாதமே வாங்கியாகிவிட்டது. ஆசைக்கு என்ன அவசரமோ.

மாணவராக இருக்கிறேன் என்று என் கணவர்தான் குதித்துக்கொண்டு வந்தார். பேக்கரியில் மாவு பிசைகிறவர். தனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதை வாங்கிய பட்டம் போல எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

முதல் இரண்டு பதிவும் என்னால் கெட்டன. வாய் தவறி 'சரியா?' என்று கேட்டுவிட்டேன். மூன்றாவதில் அவர் கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொள்ள, 'கொன்னுடுவேன்' என்று சுத்தத் தமிழில் கத்தினேன். நான்காவதில் காலிங்பெல். ஐந்தாவதில் கடைசிவரை வந்தோம். ஆனால் அதற்குள் மனுஷன் பாடத்தைக் கரைத்துக் குடித்திருந்தார். தெரியாத மாதிரி இருங்கள் என்றால் பல்வலிக்காரர் போல முகத்தை வைத்துக்கொள்கிறார். நடிப்பு அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

மணி ஐந்தே கால்.

மேல்வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் அத்துப்படி. எதிர்வீடு பூட்டிக் கிடந்தது.

மிச்சம் இருந்தது மாமனார்தான்.

அவர் அதே அறையில், ஜன்னலோர நாற்காலியில் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். மத்தியானத்திலிருந்து அந்தத் தாள் கீழே இறங்கவே இல்லை.

வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா என்று நான் கேட்ட அன்று, போகிறவர்கள் போங்கள், என்னை எதற்குக் கேட்கிறீர்கள் என்றார். அதோடு சரி. பதினோரு நாளாக என்னோடு பேச்சு இல்லை. முன்பெல்லாம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும், இன்றைக்கு ஊசிக்குப் பயந்து ஓடியது யார் என்று கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் டீயில் வாய் வைப்பார். அவர் மனசு ஒப்பாமல் அந்தப் பெட்டியைத் தூக்க எனக்கு மனசு வராது. வேலையே கிடைக்காவிட்டால் அந்தக் கவலையும் இல்லை, பெட்டியும் வேண்டாம்.

என் கணவர் நைசாகச் சமையலறைக்குள் நழுவினார். நானே போய் நின்றேன்.

"மாமா, ஒரு பதினஞ்சு நிமிஷம் மாணவரா உக்காரணும்."

தாளை நாலாக மடித்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வந்து உட்கார்ந்தார், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

அப்பப்பா, அப்படி ஒரு மாணவர்!

கோப்பையை மேஜைக்கு அடியில் வைத்து 'வேர் இஸ் தி கப்?' என்று கேட்டேன். குனிந்து எடுத்து, பத்திரமாக மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி கீழே வைத்தேன். மறுபடி மேலே வந்தது. 'அண்டர், அண்டர்' என்று நானே மேஜைக்கடியில் புகுந்து காட்டினேன். எங்கே போய்விட்டாள் என்பது போல அவர் எட்டிப் பார்த்தார். எனக்கு வியர்த்து வழிந்தது. ஒரு தமிழ் வார்த்தைகூட வாயில் வரவில்லை. எப்படியாவது இந்த மனிதருக்குப் புரியவைக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பன்னிரண்டாவது நிமிடம் அவர் புருவம் உயர்ந்தது.

"அண்... டர்... தி டேபிள்?"

கைதட்டிவிட்டேன். நான் டீச்சர் ஆகிவிட்டேன் என்று அந்த நொடியில்தான் நம்பினேன்.

கடைசி வாக்கியத்துக்கு நேரம் போதவில்லை. விட்டுவிட்டேன். ஆறு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது வீடியோ போய்ச் சேர்ந்தது. மாமனார் எழுந்து முகம் கழுவப் போனார்.

துவாலையை எடுத்துக்கொண்டு குளியலறை வாசலுக்குப் போனேன். உள்ளே குழாய்ச் சத்தத்தோடு ஒரு குரல் கேட்டது.

'வேர் இஸ் தி கப்?' இது நான் கேட்கிற மாதிரி, கீச்சென்று. 'அண்டர் தி டேபிள்.' இது அவர். 'வேர் இஸ் தி புக்? ஆன் தி சேர்.' தங்குதடையே இல்லை. எல்லாம் முடித்துவிட்டு, 'சீ யூ டுமாரோ, டீச்சர்' என்றார்.

அதுதான் நான் அவருக்குச் சொல்லித்தராமல் விட்ட கடைசி வாக்கியம். ஐந்தாவது பதிவில் அவர் மகனுக்கு நான் சொல்லித்தந்தது.

துவாலையை அப்படியே நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். அழுகைதான் வந்தது, சிரிப்பு அதை முந்திக்கொண்டது.

கதவு திறந்தது. துவாலையை வாங்கி நிதானமாக முகத்தைத் துடைத்தார். பதினோரு நாள் கழித்து என்னிடம் பேசினார்.

"அவங்களுக்குத் திருப்தி இல்லேன்னா சொல்லும்மா, இன்னொரு தடவை எடுத்துடலாம். இதைவிட மோசமாப் பண்றேன்."