அங்கியின் உள்பக்கம்

கியோட்டோவில் ஆடம்பரப் பட்டுக்குத் தடை வந்த மாதம். தறிக்கூடத்துக்குள் அதிகாரி குரோயிவா நுழைந்ததும் முதலாளி சாஹேய் எழுந்து குனிந்து வணங்கினார்.

"வெளிப்பக்கம் பருத்தி, உள்பக்கம் பட்டுன்னு ஊருக்கே தச்சுக் குடுக்கிறியாமே?"

"சும்மா பேசிக்கிறாங்கய்யா."

"நாளையிலேருந்து தெருவுல அத்தனை பேரு அங்கியையும் புரட்டிப் பாக்கப் போறேன். பட்டு தெரிஞ்சா ஜெயில்தான்."

சாஹேய் நெற்றி தரையில் பட விழுந்தார். "இனிமே தைக்க மாட்டேங்க."

"உன்னை யாரு நிறுத்தச் சொன்னது?" குரோயிவா தன் பருத்தி அங்கியைக் கழற்றி நீட்டினார். "இதுக்கு உள்ள புலி உருவம் நெய்த பட்டு வச்சுத் தை."

"நாளைக்குச் சோதனைன்னீங்களே?"

"சோதனை போடுறவனே நான். என்னை எவன் புரட்டிப் பாப்பான்?"

சாஹேய் அங்கியைப் பணிவாக வாங்கிக்கொண்டார்.

"புலி தீந்துபோச்சுங்கய்யா. காலையிலதான் உங்க மேலதிகாரிக்கு வச்சுத் தச்சோம். கொக்குதான் மிச்சம் இருக்கு, பரவாயில்லீங்களா?"