மூன்று விரல்

ஏகோனின் முஷ்டி தாடையில் இறங்கியபோதும் கசிமிர் கோட்டுப் பையிலிருந்து கைகளை எடுக்கவில்லை. கரித்தூள் படிந்த பனியில் ரத்தம் சிதறியது. தலையை நிமிர்த்திக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தான்.

அடுத்தது வயிற்றில். மூன்றாவது விலாவில் விழுந்தது. அதில் ஏதோ முறிந்த சத்தம் நாலடி தள்ளி நின்ற கசிமிரின் மனைவி யாட்விகாவுக்கே கேட்டது. அவன் மண்டியிட்டு விழுந்தான்.

வேலை முடிந்து வந்த சுரங்கத் தொழிலாளிகள் ஐம்பது பேர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏகோன் வலித்த கையை உதறிவிட்டு, தண்டவாளத்தைத் தாண்டித் தன் மாவு மில்லுக்கு நடந்தான்.

கரகாந்தா சுரங்கப் பகுதியில் கசிமிரை அடிக்க ஆள் கிடையாது என்றிருந்த காலம் உண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் ஏகோன் துடுக்காக வாயை விட்டதற்கு, கசிமிர் ஒரே குத்தில் அவனுடைய முன்பற்கள் இரண்டைக் கழற்றிவிட்டான். அன்றிலிருந்து இவன் வரும் தெருவில் ஏகோன் வருவதில்லை.

இந்தத் தவக்காலத்தில்தான் எல்லாம் தலைகீழானது. சாம்பல் புதனுக்கு மறுநாள் ஏகோன் சுரங்க வாசலுக்கே வந்து, "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்டான். கசிமிர் இரண்டு விரலைக் காட்டினான். பழைய பல்லைச் சொல்லிக் காட்டுகிறான் என்று கூட்டம் சிரித்தது. ஏகோன் இரண்டு குத்து விட்டான். கசிமிர் திருப்பி அடிக்கவில்லை. கூட்டத்தின் சிரிப்பு நின்றுபோனது.

பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது. இன்று கசிமிர் மூன்று விரல் காட்டியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தவக்காலத்தில் கை ஓங்குவதில்லை என்று நேர்ந்துகொண்டிருக்கிறான் போலும் என்றுதான் யாட்விகா நினைத்தாள். கேட்டால், பாஸ்கா பண்டிகை வரை பொறுத்துக்கொள் என்பதோடு நிறுத்திக்கொண்டான். தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டு ஹெலேனா, புருஷன் கையைப் பையோடு சேர்த்துத் தைத்துவிட்டாயா என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். போன வாரம் அவன் சிறுநீரில் ரத்தம் போனதை யாட்விகா யாரிடமும் சொல்லவில்லை.

அவர்கள் வீட்டில் தவக்காலம் எப்போதும் கண்டிப்பானது. இறைச்சியை நிறுத்தி, தேநீருக்குச் சர்க்கரையை நிறுத்தி, கறுப்பு ரொட்டியும் முட்டைக்கோஸ் சூப்புமாக நாற்பது நாள் ஓடும். மிச்சப்பட்டதெல்லாம் கோயில் பெட்டிக்குப் போகும். போன வருடம் கசிமிரின் மோட்டார் சைக்கிளும் அந்த வழியில்தான் போனது.

இந்த முறை சாம்பல் புதனன்று பாதிரியார், ஆப்கானிஸ்தானில் மழையில்லாமல் பிள்ளைகள் புல்லைத் தின்கிறார்கள் என்றார். எது உங்களிடம் அதிகமாக இருக்கிறதோ அதைக் குறைத்துக்கொண்டு அங்கே அனுப்புங்கள் என்றார். நம்மிடம் இனி என்ன அதிகமாக இருக்கிறது என்று வீடு திரும்பும் வழியில் கசிமிர் கேட்டான். "உங்க உடம்புல இருக்கிற பலம் ஒண்ணுதான்" என்று அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

இப்போது பனியிலிருந்து எழுந்தவன், ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்றான். யாட்விகா அவனைப் பார்த்தாள். பிறகு காவலாளி அறையின் சுவரில் சாய்ந்திருந்த கரி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினாள். அவன் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தும் அவள் நிற்கவில்லை.

மில் முற்றத்தில் ஒரு லாரியில் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. ஏகோன் முதுகைக் காட்டி நின்று வேலையாட்களை விரட்டிக்கொண்டிருந்தான். முதல் அடி அவன் தோளில் விழுந்தது. திரும்பியவனின் முகத்தில் இரண்டாவது. மூக்கு உடைந்து, ரத்தம் தாடியில் வழிய, அவன் மாவுத் தூளில் மல்லாந்து விழுந்தான்.

"பொம்பளைகிட்ட அடி வாங்குறது எப்படிடா இருக்கு?" என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. அவன் முழங்காலில் இன்னொன்று போட்டாள். ஏகோன் அலறினான். வேலையாட்கள் கிட்டே வரப் பயந்து நின்றார்கள்.

தலையைப் பார்த்து மண்வெட்டியை ஓங்கியபோது பின்னாலிருந்து ஒரு கை அதைப் பற்றியது. ஒடிந்த விலாவோடு ஓடி வந்த கசிமிர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். அவள் இழுத்தாள், அவன் விடவில்லை.

"இவனையா காப்பாத்துறீங்க? உங்களை நாசம் பண்ணுனவனையா?" அவள் அழுகையும் ஆத்திரமுமாக அவன் நெஞ்சிலேயே குத்தினாள். வலியில் அவன் முகம் வெளிறியது. அப்போதும் அவன் கை ஓங்கவில்லை.

லாரிக்குப் பின்னாலிருந்து பாதிரியார் காகிதங்களோடு ஓடி வந்தார். இவர் இங்கே எதற்கு என்று யாட்விகாவுக்குப் புரியவில்லை. கோயில் தட்டில் ஒரு காசு போட்டறியாத கஞ்சன் ஏகோன். அவன் மில்லில் பாதிரியாருக்கு என்ன வேலை?

அவள் லாரியை அண்ணாந்து பார்த்தாள். பக்கப் பலகை உயரத்துக்கு மாவு மூட்டைகள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையில் ஆப்கானிஸ்தான் என்று எழுதியிருந்தது.

கசிமிர் மண்வெட்டியை அவள் கையிலிருந்து மெல்லக் கழற்றிக் கீழே போட்டான். குனிந்து ஏகோனைத் தூக்கி உட்காரவைத்தான். பிறகு வீங்கிய உதட்டைச் சிரமப்பட்டுத் திறந்தான்.

"அவனைத் திட்டாத யாட்விகா. ஒரு அடிக்கு ஒரு மூட்டைன்னு நான்தான் விலை பேசினேன்."